நாரிப்பிடிப்பும் எஸ்.ஐ. மூட்டும்: கைமுறைச் சிகிச்சைகள் எதைச் செய்கின்றன, எதைச் செய்வதில்லை

யாழ்ப்பாணத்தில் நாரிப்பிடிப்பு என்ற ஒரு சொல்லுக்குள் இடுப்பைச் சுற்றிய நோவுகள் எல்லாமே அடங்கிவிடுகின்றன. வெங்காயத் தறையில் நாள் முழுவதும் குனிந்து புல்லுப் பிடுங்கியவர், பிள்ளை பெற்று மூன்று மாதமாகியும் கட்டிலில் ஒருபக்கம் புரள முடியாமல் தவிக்கும் தாய், கிணற்றடியில் வழுக்கி ஒருபக்க இடுப்பு நிலத்தில் இடிபட விழுந்தவர், இருபத்தைந்து வயதில் விடியற்காலையில் எழும்பும்போதெல்லாம் முதுகு விறைத்துப்போகும் இளைஞன் ஆகிய நால்வரும், பரியாரியாரிடம் போனாலும் வைத்தியசாலைக்குப் போனாலும், சொல்வது அந்த ஒரு சொல்லைத்தான். நால்வருக்கும் நோவு எழும் இடம் ஒன்றாகவே இருக்கக்கூடும். முள்ளந்தண்டின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு பொருந்தும் மூட்டு அது. ஆனால் அந்த இடத்தில் நடப்பது நால்வருக்கும் ஒன்றல்ல. ஒருவருக்கு இதம் தரும் கைவேலை இன்னொருவருக்குப் பயனற்றதாகவும், மற்றொருவருக்குத் தீங்காகவும் முடியலாம்.

சாக்ரோ இலியாக் மூட்டு என்பது இதன் முழுப்பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக எஸ்.ஐ. மூட்டு என்பார்கள். நாட்பட்ட கீழ்முதுகு நோவு உள்ளவர்களில் ஏறத்தாழ 15 முதல் 30 வீதமானோருக்கு நோவின் ஊற்று இந்த மூட்டில் இருப்பதாக, மூட்டினுள் மரத்துப்போகும் ஊசி ஏற்றிப் பார்த்த ஆய்வுகள் காட்டுகின்றன. இதற்குக் கையால் செய்யப்படும் சிகிச்சைகள் பல. ஒருவர் சடாரென்று தட்டி நெட்டி முறிப்பார்; ஒருவர் மெதுவாக அசைப்பார்; ஒருவர் நோயாளியின் தசையையே வேலை வாங்குவார்; ஒருவர் எண்ணெய் பூசி உருவி விடுவார். முறைகள் வேறானாலும் பலரிடமிருந்து நோயாளிக்குக் கிடைக்கும் விளக்கம் வியப்பூட்டும் வகையில் ஒன்றுதான்: “எலும்பு விலகியிருக்கு, இடத்துக்குக் கொண்டு வந்துவிட்டால் சரி.” இந்த முறைகளை ஒப்பிடப் புகுமுன் அந்த விளக்கத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டியிருக்கிறது. அது உண்மையானால், எலும்பை எந்த முறை நன்றாக நகர்த்துகிறது என்பதே ஒப்பீட்டின் அளவுகோலாகும். அது பிழையானால் அளவுகோலையே மாற்ற வேண்டும்.

திருவென்பு என்பது முள்ளந்தண்டின் அடியில் ஐந்து எலும்புகள் ஒன்றாகக் கூடி உருவான முக்கோண எலும்பு. அதன் இருபுறமும் இடுப்பென்புகள் வந்து பொருந்துகின்றன. பொருந்தும் பரப்பு காதுமடல் வடிவமானது. வயது ஏற ஏற ஒரு பக்கத்து மேடு மறுபக்கத்துப் பள்ளத்தில் அமரும்படி கரடுமுரடாகிறது. மூட்டின் முன்பகுதி ஏனைய அசையும் மூட்டுகளைப்போல் மசகுத் திரவம் கொண்டது. பின்பகுதியோ முழுவதும் நார்களால் இறுகக் கட்டப்பட்டது. உடம்பிலுள்ள மிக வலிமையான மூட்டிணையங்களில் சில இங்கேதான் உள்ளன. செங்கல் வளைவின் உச்சிக் கல் இருபக்கக் கற்களின் நெருக்குதலால் நிற்பதுபோல, மேலுடம்பின் பாரத்தைத் திருவென்பு இரு இடுப்பென்புகளுக்கும் பிரித்துக் கொடுத்தபடி நடுவில் இறுகி நிற்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த விளீமிங், ஸ்னைடர்ஸ் ஆகியோரின் குழு 1990இல் இந்த இறுக்கத்தை இரண்டாகப் பிரித்து விளக்கியது: ஒன்று எலும்பின் வடிவத்தால் வரும் பூட்டு, மற்றது அடிவயிறு, பிட்டம், முதுகு ஆகியவற்றின் தசைகளும் மூட்டிணையங்களும் சேர்ந்து நெருக்குவதால் வரும் பூட்டு. கைச்சிகிச்சை தொடக்கூடியது இந்த இரண்டாவதை மட்டுமே என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல விடயங்கள் தெளிவாகும்.

இந்த மூட்டு எவ்வளவு அசைகிறது? 1989இல் சுவீடனில் ஸ்டூரெசனும் அவருடைய குழுவினரும் நோயாளிகளின் எலும்புகளுக்குள் மிகச் சிறிய தந்தாலம் உலோகக் குண்டுகளைப் பதித்து, உடலை வெவ்வேறு நிலைகளில் வைத்து எக்ஸ்ரே எடுத்து அளந்தார்கள். சராசரிச் சுழற்சி ஏறத்தாழ இரண்டரைப் பாகை; நகர்வு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. தோலும் கொழுப்பும் தடித்த தசையும் போர்த்திய இடத்தில், பெருவிரலை வைத்து இந்த அசைவை உணர்ந்து, இடப்பக்கம் வலப்பக்கம் ஒப்பிட்டு, எது விலகியது என்று சொல்வதாக நாம் நம்புகிறோம்.

அதே நுட்பத்தைக்கொண்டு சுவீடனில் துல்பேரி குழு செய்து 1998இல் வெளியான ஆய்வு இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. பத்து நோயாளிகள், எல்லோருக்கும் எஸ்.ஐ. மூட்டு இடம் பிசகியிருப்பதாகக் கைப்பரிசோதனையில் முடிவு செய்யப்பட்டது. தேர்ந்த சிகிச்சையாளர்கள் மூட்டைத் தட்டிச் சரிசெய்தார்கள். சிகிச்சைக்குப் பின் அதே கைப்பரிசோதனைகளைச் செய்தபோது முன்பு பிசகாக இருந்தவை பெரும்பாலும் ஒழுங்காகிவிட்டதாகக் காணப்பட்டது. எலும்பினுள் பதித்த குண்டுகளோ வேறு கதை சொல்லின. பத்துப் பேரில் ஒருவருக்கும் எலும்பு இடம் மாறவில்லை. சிகிச்சை நடந்தது, பரிசோதனையின் முடிவு மாறியது, எலும்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அப்படியானால் கை உணர்ந்த மாற்றம் எது? எலும்பைச் சுற்றியுள்ள தசைகளின் இறுக்கமும், நோயாளி நோவுக்குப் பயந்து உடலைப் பிடித்துக்கொள்ளும் விதமும் மாறியிருக்க வேண்டும் என்பதே பொருத்தமான விளக்கம். நோயாளிக்கு ஏற்படும் இதம் பொய்யல்ல. அந்த இதத்துக்கு நாம் சொல்லும் காரணம்தான் பிழை.

கைப்பரிசோதனை எவ்வளவு நம்பத்தக்கது என்பதை அமெரிக்காவில் பொட்டர், ரொத்ஸ்ரைன் இருவரும் 1985இலேயே சோதித்திருந்தார்கள். எஸ்.ஐ. மூட்டுக்கான 13 பரிசோதனைகளை 17 நோயாளிகளிடம் வெவ்வேறு இயன்மருத்துவர்கள் (பிசியோதெரபிஸ்டுகள்) தனித்தனியே செய்தபோது, 11 பரிசோதனைகளில் அவர்களுடைய முடிவுகள் 70 வீதம்கூட ஒத்துப்போகவில்லை. ஓரளவு ஒத்துப்போனவை இரண்டே இரண்டு. அந்த இரண்டிலும் சிகிச்சையாளர் எதையும் தடவி உணர வேண்டியதில்லை. இடுப்பை விரித்தும் நெருக்கியும் அமுக்கும்போது “நோகுது” என்று நோயாளிதான் சொல்ல வேண்டும். விரலின் தீர்ப்பைவிட நோயாளியின் வாய்ச்சொல் நம்பகமாக இருந்தது என்பதை இத்துறையில் இருப்பவர்கள் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது நல்லது.

அதன் வழியாகவே இன்றைய நடைமுறையும் உருவானது. நியூசிலாந்தைச் சேர்ந்த லாஸ்லெற் குழு 2005இல் முன்வைத்தபடி, மூட்டை வெவ்வேறு திசைகளில் அழுத்தி நோவைத் தூண்டும் பரிசோதனைகளைத் தொகுதியாகச் செய்கிறார்கள். மல்லாந்து படுத்தவரின் இடுப்பை இருகையாலும் வெளிநோக்கி அமுக்குவது, ஒருக்களித்துப் படுக்கவைத்து மேலிருந்து நெருக்குவது, மடித்த தொடையின் வழியாகப் பின்னோக்கி அழுத்துவது, குப்புறப் படுத்தவரின் திருவென்பை அமுக்குவது என்பன அவற்றுட் சில. நோயாளி வழமையாக உணரும் அதே நோவு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பரிசோதனைகளில் எழுந்தால் மூட்டின்மேல் சந்தேகம் வலுக்கிறது. ஒன்றிலும் எழாவிட்டால் காரணத்தை வேறிடத்தில் தேடலாம். முக்கியமான நுணுக்கம் ஒன்றுண்டு. இத்தொகுதி, மூட்டு காரணமல்ல என்று தள்ளிவைப்பதற்கு உதவும் அளவுக்கு, மூட்டுத்தான் காரணம் என்று உறுதிசெய்வதற்கு உதவுவதில்லை என்று பிற்கால மீளாய்வுகள் கூறுகின்றன. நோயாளியிடம் “எங்கே நோ?” என்று கேட்டால், ஒரு விரலால் பிட்டத்துக்கு மேலே, முதுகின் இருபுறமும் தெரியும் குழிக்குச் சற்றுக் கீழும் உட்புறமுமாக, திரும்பத்திரும்ப ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டுவதும் ஓர் அடையாளம். இடுப்பின் மேற்பகுதியில், முள்ளந்தண்டின் நடுவிலே மட்டும் நோகிறதென்றால் எஸ்.ஐ. மூட்டாக இருப்பதற்கான வாய்ப்புக் குறைவு.

எஸ்.ஐ. மூட்டின் வரலாறே ஏற்றமும் இறக்கமுமானது. 1905இல் கோல்த்வெயிற், ஒஸ்கூட் என்ற அமெரிக்க மருத்துவர்கள் முதுகுநோவுக்கு இம்மூட்டை முக்கிய காரணமாக முன்வைத்தபின் பல ஆண்டுகள் எல்லாப் பழியும் இதன்மேல்தான் விழுந்தது. 1934இல் மிக்ஸ்ரர், பார் இருவரும் முள்ளந்தண்டின் இடைவட்டு பிதுங்கி நரம்பை நெருக்குவதை விளக்கியதும் எல்லோருடைய கவனமும் வட்டுக்குத் திரும்பியது. இன்றும் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் “டிஸ்க்” என்ற சொல்லைக் கண்டவுடன் நோயாளியும் சிலவேளை மருத்துவரும் அதோடு தேடலை நிறுத்திவிடுவதைப் பார்க்கிறோம்.

இனி முறைகளுக்கு வருவோம். மிகவும் பேசப்படுவது விரைவு உந்தல். ஆங்கிலச் சொல்லைப் பின்பற்றி மனிபுலேசன் என்றும் அழைப்பார்கள். ஒஸ்ரியோபதி, கைரோபிராக்ரிக் ஆகிய இரண்டு அமெரிக்கக் கைச்சிகிச்சை மரபுகளில் வளர்ந்து பின்னர் இயன்மருத்துவத்துக்குள்ளும் வந்தது. முன்னதை 1874இல் ஆன்ட்ரூ ரெய்லர் ஸ்ரில் அறிவித்தார். பின்னதை 1895இல் டி.டி. பாமர் தொடக்கினார். நோயாளியை ஒருக்களித்தோ மல்லாந்தோ படுக்கவைத்து, மேலுடம்பை ஒருபக்கமும் இடுப்பை மறுபக்கமும் திருப்பி, அசைவின் எல்லைவரை கொண்டுசென்று, அங்கிருந்து மிக வேகமாகவும் மிகக் குறுகிய தூரத்துக்கும் ஓர் உந்தல் கொடுக்கப்படும். கேட்கும் ‘சடக்’ என்ற ஓசையை எலும்பு இடத்தில் விழுந்த ஓசையாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது மூட்டுத் திரவத்தில் வாயு இடைவெளி தோன்றும்போது எழும் ஓசை. 2015இல் கனடாவில் விரல் நெட்டி முறிப்பதை எம்.ஆர்.ஐ.யில் படம்பிடித்தபோது அந்த இடைவெளி உருவாவது நேரடியாகவே தெரிந்தது. இடுப்புப் பகுதிக்கு உந்தல் பெற்ற 71 பேரைக் கொண்டு அமெரிக்காவில் ஃபிளின் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஓசை கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் முன்னேற்றத்தில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே ‘சத்தம் கேட்கும்வரை’ திரும்பத்திரும்ப உந்துவதற்கு நியாயம் இல்லை.

உந்தலின் இதம் பெரும்பாலும் நரம்புமண்டலத்தின் வழியாக வருகிறது. தசையிலும் மூட்டுறையிலுமுள்ள உணர்விகள் திடீரென்று தூண்டப்படும்போது முண்ணாணிலும் மூளையிலும் நோவுச் செய்தி தற்காலிகமாகத் தணிகிறது. இறுகி நின்ற தசை இளகுகிறது. தன்னால் குனிய முடிகிறது என்று கண்டதும் நோயாளியின் பயமும் குறைகிறது. இந்த இளக்கம் உந்தல் கொடுத்த மூட்டுக்குள் மட்டும் அடங்குவதில்லை. எஸ்.ஐ. மூட்டுக்கு மட்டும் உந்தல் கொடுத்த பெண்களையும், அதோடு கீழ்முதுகுக்கும் சேர்த்துக் கொடுத்த பெண்களையும் 2012இல் ஈரானில் ஒப்பிட்டபோது இரு குழுவினரும் தேறினார்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பெற்றவர்கள் அன்றாட வேலைகளைச் செய்வதில் கூடுதலாகத் தேறினார்கள். துல்லியமாகக் குறிபார்த்து ஒரு மூட்டைத் தட்டுவது என்ற பெருமையை இத்தகைய முடிவுகள் சற்றே குறைக்கின்றன.

மெதுவான அசைவூட்டல், அதாவது மொபிலைசேசன், இதன் சாந்தமான உறவினர் எனலாம். அவுஸ்திரேலியரான ஜெஃப்ரி மெயிற்லன்ட் அசைவைத் தரம் பிரித்தார்: தொடக்கத்தில் சிறிய அசைவு, இடையில் பெரிய அசைவு, எல்லைவரை செல்லும் பெரிய அசைவு, எல்லையிலே நின்று செய்யும் சிறிய அசைவு. உந்தலை இதற்கு மேலான ஐந்தாம் தரமாகச் சேர்ப்பவர்களும் உண்டு. குப்புறப் படுத்தவரின் திருவென்பின்மேல் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்துச் சீரான தாளத்தில் அமுக்கி விடுவது எளிய உதாரணம். நோவு கடுமையாக இருக்கும்போது முதல் இரண்டு தரங்களும், விறைப்பு மேலோங்கியிருக்கும்போது பிந்திய இரண்டும் பொருந்தும் என்பது நடைமுறை விதி. இதன் பெரிய நன்மை, நோயாளி எந்தக் கணத்திலும் “போதும்” என்று சொல்லி நிறுத்தலாம் என்பது. உந்தலில் அந்தக் கணம் நோயாளியின் கையில் இல்லை. முதியவர்களுக்கும், கைபட்டாலே உடலை இறுக்கிக்கொள்பவர்களுக்கும் நான் இதையே முதலில் வைப்பேன்.

மூன்றாவது, தசையாற்றல் நுட்பம். மசில் எனர்ஜி என்ற பெயரில் இயன்மருத்துவர்களிடம் பழகியது. அமெரிக்க ஒஸ்ரியோபதி மருத்துவர் ஃபிரெட் மிற்செல் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதனை உருவாக்கினார். நோயாளியின் காலை ஒரு நிலையில் பிடித்துக்கொண்டு, “என் கையை மெதுவாகத் தள்ளுங்கள்” என்று சிகிச்சையாளர் சொல்வார். நோயாளி தள்ள, இவர் அசையவிடாமல் தடுப்பார். சில விநாடிகள் கழித்துத் தளரச் சொல்லி, கிடைத்த இளக்கத்தில் காலைச் சற்று மேலே கொண்டுபோவார். இப்படி மூன்று முதல் ஐந்து தடவை. நோயாளியும் பங்கெடுப்பதால் இது பலருக்குப் பிடிக்கிறது. ஆனால் சான்று மெலிந்தது. முதுகுநோவுக்கான இந்நுட்பத்தைப் பற்றி 2015இல் வெளியான, ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு 12 ஆய்வுகளையும் மொத்தம் 500 பேரையும் மட்டுமே கண்டது. அவற்றின் தரமும் தாழ்ந்திருந்ததால் பயனுண்டு என்று சொல்ல இயலவில்லை. முற்றாகத் தள்ளிவிடவும் இது காரணமாகாது. நோயாளி தன் தசையை மெல்ல வேலை வாங்கக் கற்றுக்கொள்வது, பின்னால் வரும் உடற்பயிற்சிக்கு நல்ல முதற்படி.

எண்ணெய் பூசி உருவிவிடுவதுதான் நம்மூரில் பெரும்பாலோர் முதலில் நாடுவது. பிட்டத் தசைகளும், அவற்றுக்கு அடியில் திருவென்பிலிருந்து தொடைக்குச் செல்லும் பேரிவடிவத் தசையும், விலாவின் கீழிருந்து இடுப்பைப் பிடிக்கும் தசையும் நோவுக்கு எதிர்வினையாக இறுகிப் புதிய நோவிடங்களை உருவாக்குகின்றன. அவற்றை இளக்குவது உடனடி இதம் தருகிறது. சித்த மருத்துவத்தின் தொக்கணம் இந்தக் கைவேலையைத் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பதாக வகுத்திருக்கிறது. பட்டியலைப் பார்த்தால் மேலே சொன்ன மேலைநாட்டு முறைகளின் கைவேலைகள் பலவும் இதற்குள் இருப்பது தெரியும். மெயிற்லன்ட் அமுக்கியதும் அசைத்ததும் நம் முன்னோருக்குப் புதிதல்ல. கொள்கை வேறு, வாதம் தன்னிலை பிறழ்வதாக ஒருவர் விளக்குவார், நரம்புச் செய்தி தணிவதாக மற்றவர் விளக்குவார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வி கைதடியில் நடைபெறும் இந்த மண்ணில், தொக்கணத்தையும் அசைவூட்டலையும் எஸ்.ஐ. மூட்டு நோயாளிகளிடம் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. உருவிவிடுதல் பற்றிய பொதுவான சான்றைப் பொறுத்தவரை, முதுகுநோவுக்கான 25 ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டுக் கொக்ரேன் மீளாய்வு, குறுகிய கால இதம் உண்டு, நீண்ட காலத்தில் அது நிலைப்பதற்குச் சான்று போதாது என்ற முடிவுக்கே வந்தது.

அப்படியென்றால் எது மேல்? நேரடி ஒப்பீடுகள் குறைவு, இருப்பவையும் சிறியவை. 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், எஸ்.ஐ. மூட்டால் காலுக்கும் நோவு பரவிய 51 பேர் மூன்றாகப் பிரிக்கப்பட்டார்கள். பன்னிரண்டு வாரங்களில் தேறியவர்கள்: உடற்பயிற்சி சார்ந்த இயன்மருத்துவம் பெற்ற 15 பேரில் 3 பேர், மூட்டினுள் ஊசி பெற்ற 18 பேரில் 9 பேர், கைச்சிகிச்சை பெற்ற 18 பேரில் 13 பேர். கைச்சிகிச்சைக்காரர்கள் இதை மேற்கோள் காட்டத் தவறுவதில்லை; ஆனால் ஒரு குழுவில் பதினைந்து, பதினெட்டுப் பேர் என்னும்போது இரண்டு மூன்று பேர் மறுபக்கம் சாய்ந்தாலே வீதங்கள் வெகுவாக மாறிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2019இல் ஈரானில் இருந்து வந்த இன்னோர் ஆய்வு எனக்கு அதிகம் கற்பிப்பதாகத் தோன்றுகிறது. ஒரு குழுவுக்கு உந்தல், ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒரு குழுவுக்கு இரண்டும். ஆறாம் வாரத்தில் உந்தல் பெற்றவர்கள் முன்னே நின்றார்கள். பன்னிரண்டாம் வாரத்தில் உடற்பயிற்சியின் பயன் மேலோங்கியது. இருபத்துநான்காம் வாரத்தில் மூன்று குழுக்களுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததால் தனிச்சிறப்பான நன்மை எதுவும் கிடைக்கவில்லை. இந்த முடிவு எந்தத் தரப்புக்கும் முழு மகிழ்ச்சி தராது. கைச்சிகிச்சை காலத்தை வாங்கித் தருகிறது. அந்தக் காலம் வாரங்களில் அளக்கத்தக்கது. வெங்காயம் கிண்டும் பருவத்தில் நோவோடு இருக்கும் தோட்டக்காரருக்கு அந்த ஆறு வாரம் பெரிய விடயம். காசும் நேரமும் இல்லாதவர், பயிற்சியை மட்டும் ஒழுங்காகச் செய்து ஆறு மாதத்தில் அதே இடத்துக்கு வந்து சேரலாம் என்பதும் அதே அளவுக்குப் பெரிய விடயம். மாதக்கணக்கில் வாரம் இருமுறை தனியார் சிகிச்சையிடங்களுக்குப் போய், ‘விலகிய எலும்பை’ மீண்டும் மீண்டும் இடத்துக்குத் தள்ளிக் காசு கொடுப்பவர்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். எலும்பு அடிக்கடி விலகும் என்று நம்பியவர் குனியப் பயப்படுவார், பாரம் தூக்கப் பயப்படுவார். பயந்தவரின் தசை தளர்வதில்லை.

பிள்ளை பெற்ற தாய்மாரின் நிலை தனியாகப் பேசப்பட வேண்டியது. கர்ப்ப காலத்தில் இடுப்பு வளையத்தில் நோவு ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏற்படுகிறது. பெரும்பாலானோருக்குப் பிள்ளைப்பேற்றின் பின் சில மாதங்களில் தானாகவே ஆறிவிடும், சிலருக்கு ஆறாது. இங்கே சிக்கல் விறைப்பில் இல்லை. மேலே சொன்ன இரண்டாவது பூட்டு, அதாவது தசைகள் மூட்டை நெருக்கிப் பிடிக்கும் பூட்டு, தளர்ந்துபோனதில் இருக்கிறது. இதைக் கண்டறிய எளிய பரிசோதனை உண்டு. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலைக் கட்டிலில் இருந்து 20 சென்ரிமீற்றர் உயர்த்தச் சொல்ல வேண்டும். கால் ஈயமாய்க் கனப்பதாகச் சொல்பவரின் இடுப்பை இருபக்கத்திலும் இருந்து கையால் நெருக்கிப் பிடித்து மறுபடி உயர்த்தச் சொன்னால் கால் இலேசாக எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். எழும்பினால், அவருக்கு வேண்டியது நெருக்கிப் பிடிக்கும் உதவி. அதனைத் தற்காலிகமாக இடுப்புப் பட்டியும் நிரந்தரமாகத் தசைப் பயிற்சியும் தரும். தளர்ந்த மூட்டை மேலும் தட்டி இளக்குவதில் எந்தப் பொருளும் இல்லை.

பிள்ளை பெற்றபின் வயிற்றைச் சேலையால் இறுக்கிக் கட்டும் வழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. கருத்து நெருங்கியதுதான், கட்டும் இடம்தான் வேறு. எஸ்.ஐ. மூட்டுக்கு உதவும் பட்டி வயிற்றின்மேல் வரக்கூடாது. முன்னால் துருத்தும் இடுப்பெலும்பு முனைகளுக்குக் கீழே, தொடையெலும்பு மேட்டை ஒட்டி, பாவாடை நாடா கட்டும் இடத்தைவிடத் தாழ வர வேண்டும். நாள் முழுவதும் கட்டியிருக்கவும் கூடாது. நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் குறுகிய நேரத்துக்கு மட்டும் என்பதே 2008ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டியின் கருத்து. பயிற்சியைப் பொறுத்தவரை, நோர்வேயில் ஸ்ரூகே 2004இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முதலிடத்தில் நிற்கிறது. பிள்ளைப்பேற்றின் பின் இடுப்பு நோவால் அவதிப்பட்ட 81 பெண்களில், ஆழ்ந்த அடிவயிற்றுத் தசைகளில் தொடங்கிப் படிப்படியாகச் சுமை ஏற்றும் பயிற்சியை 20 வாரம் செய்தவர்கள், அப்பயிற்சியில்லாத இயன்மருத்துவம் பெற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த நன்மை நிலைத்தது. கைக்குழந்தையோடு இருக்கும் தாயால் 20 வாரம் பயிற்சி செய்ய முடியுமா என்று கேட்பது நியாயமே. வீட்டில் மாமியாரோ அம்மாவோ அரை மணி நேரம் பிள்ளையை ஏந்தினால் முடியும் என்பதுதான் நேர்மையான பதில்; இது மருத்துவம் மட்டும் தீர்க்கும் காரியமல்ல.

தொடக்கத்தில் சொன்ன நால்வரில் நான் அதிகம் கவலைப்படுவது அந்த இருபத்தைந்து வயது இளைஞனைப் பற்றித்தான். மற்றவர்களின் நோவு வேலை செய்தால் கூடும், ஓய்ந்தால் குறையும். இவருக்கோ நேர்மாறு: இரவின் பிற்பாதியில் நோவு எழுப்பிவிடும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நீடிக்கும், நடந்து திரிந்தால் குறையும், படுத்திருந்தால் கூடும். நோவு சிலவேளை இடப்பக்கம், சிலவேளை வலப்பக்கம் என்று மாறும். கண் சிவந்து நோவதும், குதிக்கால் நோவதும் சேர்ந்து வரலாம். இது மூட்டழற்சி, அங்கிலோசிங் ஸ்பொண்டிலைற்றிஸ் என்னும் நோயின் வழமையான தொடக்கம், பெரும்பாலும் 45 வயதுக்கு முன். இந்நோயைக் கண்டறியப் பல ஆண்டுகள் பிந்துவது உலகெங்கும் காணப்படும் குறை. நம்மூரில் அந்த ஆண்டுகள் பெரும்பாலும் எண்ணெய் பூசுவதிலும் பத்துப்போடுவதிலும் கழிகின்றன. உருவிவிட்டால் அன்றைக்கு இதமாக இருக்கும் என்பதே இதிலுள்ள பொறி. தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியாமல் இருக்கலாம், எம்.ஆர்.ஐ.யும் இரத்தப் பரிசோதனையும் வாத மூட்டு நோய் நிபுணரின் பார்வையும் வேண்டும். முள்ளந்தண்டு ஒட்டிப்போகத் தொடங்கியவருக்கு விரைவு உந்தல் கொடுத்தால் எலும்பு முறியக்கூடும்.

காய்ச்சலும் உடல் மெலிவும் ஒருபக்க எஸ்.ஐ. நோவும் சேர்ந்திருந்தால் காசநோயை நினைக்க வேண்டிய நாட்டில் நாம் வாழ்கிறோம். எலும்பு நலிவுள்ள வயதான பெண்களிலும், பிள்ளைப்பேற்றை அண்டிய காலத்தில் இளம் பெண்களிலும் திருவென்பில் மயிரிழை முறிவு ஏற்பட்டு எஸ்.ஐ. நோவுபோல் தோன்றுவது உண்டு. கிணற்றடியில் விழுந்தவருக்கு உந்தலோ உருவலோ தொடங்குமுன் முறிவு இல்லை என்று உறுதிசெய்துகொள்வது கட்டாயம். உட்காரும் இடத்தில் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடின்மை, இரு கால்களிலும் பலவீனம் என்பன தோன்றினால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எந்தக் கைச்சிகிச்சைக்கும் அங்கே இடமில்லை.

இவையெல்லாம் விலக்கப்பட்டு, எஸ்.ஐ. மூட்டின் இயக்கம் சார்ந்த நோவு என்று நியாயமான அளவு தெளிவானபின், முறையைத் தெரிவது எளிதாகிவிடுகிறது. அண்மையில் தொடங்கி, விறைப்போடு ஒருபக்கம் பிடித்துக்கொண்ட நோவுள்ள நடுவயதினருக்கு, பயிற்சி பெற்றவர் கையால் உந்தல் அல்லது வலுவான அசைவூட்டல். பயந்தவருக்கும் முதியவருக்கும் மென்மையான அசைவூட்டலும் தசையாற்றல் நுட்பமும். தசை இறுக்கமே மேலோங்கியவருக்கு எண்ணெய் உருவல் அல்லது தொக்கணம். தளர்ந்த இடுப்புள்ள தாய்மாருக்குப் பட்டியும் பயிற்சியும். உந்தல் பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஓரிரு நாள் உடல் வலிப்பதுண்டு. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்கள். தேறுவதாக இருந்தால் முதல் நான்கைந்து அமர்வுகளுக்குள் ஏதாவது ஒரு மாற்றம் தெரிய வேண்டும் என்பது என் கணக்கு: கட்டிலில் புரளுவது சற்று இலகுவாக வேண்டும், படியேறும்போது கைபிடிக்காமல் ஏற வேண்டும், சைக்கிளில் காலைத் தூக்கிப் போட முடிய வேண்டும். எதுவும் மாறாவிட்டால் ஆறாவது அமர்வுக்குப் பணம் கட்டுமுன், நோவு எஸ்.ஐ. மூட்டிலிருந்துதான் வருகிறதா என்ற கேள்வியை மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும்.